ரோஜாவின் காயைத் தின்னும் ஊர்

ஜெர்மனியில் நாங்கள் வசிக்கும் ஊரில், முதல் உறைபனி விழுந்த மறுநாள் காலையில் எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி தகர வாளியும் பழைய தோல் கையுறையுமாகக் கிளம்பிவிடுவார். அக்டோபர் கடைசியிலோ நவம்பர் தொடக்கத்திலோ வரும் அந்த நாளுக்காக, வேலியோரம் நிற்கும் காட்டு ரோஜாப் புதர்களை அவர் செப்டம்பரிலிருந்தே கண்காணித்துக்கொண்டிருப்பார். இலையெல்லாம் உதிர்ந்து, முள்ளும் கிளையுமாக நிற்கும் புதரில் கோவைப்பழ நிறத்தில், விரல்நுனி அளவில் காய்கள் மட்டும் தொங்கும். அவற்றில் ஒன்றைப் பறித்துக் காம்புப் பக்கத்தை நீக்கிவிட்டுக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தினால், தக்காளித் தொக்கைப் போன்ற ஒரு கூழ் நுனியில் துளிர்த்து நிற்கும். அதை நாக்கில் வைத்துப் பாருங்கள் என்று அவர் நீட்டியபோதுதான், ரோஜாவுக்குப் பழம் உண்டு என்பதும் அதை மனிதர் உண்பார்கள் என்பதும் எனக்குத் தெரியவந்தது. அப்போது எனக்கு வயது முப்பத்தொன்று. பேரீச்சம்பழத்தின் இனிப்பும் புளிப்பு மாங்காயின் ஓரமும் கலந்த மாதிரியான சுவை என்று அன்று அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். அம்மாவோ, "ரோஜாச் செடியில் காயா? பூவைப் பறிக்காமல் விட்டுவிட்டார்களா?" என்று கேட்டார்.

அம்மாவின் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் ரோஜா என்றால் பூவோடு கதை முடிந்தது. ஓசூர்ப் பக்கத்துப் பண்ணைகளில் மொட்டாக இருக்கும்போதே வெட்டிப் பெட்டியில் அடுக்கிவிடுகிறார்கள். நிலக்கோட்டைச் சந்தைக்கு வரும் பன்னீர் ரோஜா மாலையாகவோ சரமாகவோ மாறிவிடுகிறது. உண்பதற்கென்று எடுத்துக்கொண்டாலும் குல்கந்துக்கு இதழைத்தான் கிள்ளுகிறோம். வீட்டுத் தொட்டியில் வாடிய பூவைக்கூட, அடுத்த மொட்டு வரட்டும் என்று காம்போடு நறுக்கிவிடுவோம். பூவைச் செடியிலேயே விட்டுவைத்தால்தான் அதன் அடியிலுள்ள பச்சைக் கிண்ணம் பருத்துப் பழமாகும். அந்த வாய்ப்பை நாம் ரோஜாவுக்குக் கொடுப்பதே இல்லை.

தாவரவியல்படி பார்த்தால், சிவந்து பருத்திருக்கும் அந்தச் சதை உண்மையான பழமே அன்று. பூவைத் தாங்கிய கிண்ணம் போன்ற அடிப்பகுதிதான் சதைப்பற்றோடு வீங்கி நிற்கிறது. அதற்குள் விதைகள் என்று நாம் நினைக்கும் கெட்டியான மணிகள்தாம் உண்மைப் பழங்கள். இது ஏட்டறிவுக்கான செய்தி போலத் தோன்றினாலும், சமையலறையில் இறங்கியவுடன் பெரிய செய்தியாகிவிடுகிறது. ஏனென்றால் அந்த மணிகளைச் சுற்றிக் கிண்ணத்தின் உட்சுவர் முழுவதும் நுண்ணிய, விறைப்பான மயிர்கள் அடர்ந்திருக்கின்றன. இங்குள்ள பள்ளிச் சிறுவர்கள் தலைமுறை தலைமுறையாக அந்த மயிரைச் சுரண்டி எடுத்து அடுத்தவன் சட்டைக் காலருக்குள் போட்டு விளையாடியிருக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் அதற்கு அரிப்புப் பொடி என்றே பெயர். பிரெஞ்சு நாட்டுப்புற வழக்கில் இந்தப் பழத்துக்குள்ள பெயரை நாகரிகமாக மொழிபெயர்த்தால் 'பிட்டத்தைச் சொறியவைப்பது' என்று வரும். விதையோடு விழுங்கியவர்களுக்கு மறுநாள் என்ன நேர்ந்தது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது.

முதல் ஆண்டு நான் யாரையும் கேட்காமல் ஒரு காரியம் செய்தேன். அரைக் கிலோ பழத்தைக் கழுவி, காம்பை மட்டும் கிள்ளிவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸியில் போட்டு விழுதாக அரைத்து, டீ வடிகட்டியில் வடித்து, சர்க்கரை சேர்த்துக் கிளறினேன். பார்வைக்கு அழகான செம்மஞ்சள் ஜாம்தான். ரொட்டியில் தடவி இரண்டு வாய் உண்டதும் தொண்டையில் ஆரம்பித்த அரிப்பு, கருணைக்கிழங்கை வேகாமல் தின்றதுபோல அன்றிரவு முழுவதும் நீடித்தது. மிக்ஸியின் கத்தி மயிர்களைத் துண்டு துண்டாக நறுக்கி, எந்த வடிகட்டியிலும் புகுந்து வெளியேறும்படி செய்துவிட்டிருந்தது. மறுநாள் இதைக் கேட்ட பாட்டி சிரிக்கவில்லை. "இயந்திரத்தால் ஆகாது, இதற்குப் பொறுமைதான் வேண்டும்" என்றார். அடுத்த ஆண்டு முறைப்படி கற்றுக்கொள்ள அவர் சமையலறைக்கே போனேன்.

நாங்கள் இருப்பது நியூரம்பெர்க் நகரத்துக்கு வடக்கே, சுண்ணாம்புக் குன்றுகள் நிறைந்த ஃபிராங்கோனியப் பகுதி. பொது ஜெர்மனில் இந்தப் பழத்தை 'ஹாகெபுட்டே' என்பார்கள். அதன் முதற்பாதியான 'ஹாக்' என்பதற்கு வேலி, புதர் என்று பொருள். இவ்வூரார் அப்படிச் சொல்வதில்லை. அவர்களுக்கு இது 'ஹிஃபன்'. அதிலிருந்து எடுக்கும் கூழ் 'ஹிஃபன்மார்க்'. மேற்கே ஸ்வாபியப் பகுதிக்குப் போனால் 'ஹேகன்மார்க்', ஆஸ்திரியாவுக்குப் போனால் 'ஹெச்சர்ல்' என்று பெயர் மாறிக்கொண்டே போகும். ஒரு பொருளுக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறினால், அது கடைச்சரக்காக வந்ததன்று, வீட்டுக்குள்ளேயே புழங்கியது என்று எடுத்துக்கொள்ளலாம்.

பாட்டியின் முறை இதுதான். உறைபனி பட்ட பழம் தானாகவே மென்மையாகியிருக்கும். பனி பொய்த்த ஆண்டில் பழத்தை ஓரிரவு உறைபெட்டியில் வைத்துவிடுவார்; அது பனியின் வேலையைச் செய்துவிடும். ஒவ்வொரு பழத்திலும் காம்பையும், எதிர்முனையில் ஒட்டியிருக்கும் கருகிய புல்லிவட்டத்தையும் நறுக்கிவிட்டு, முழுப்பழமாகவே, மூழ்கும் அளவு தண்ணீரில் இருபது நிமிடம் போல வேகவைப்பார். பழத்தை அரைப்பதே இல்லை. வெந்ததைக் கையால் சுழற்றும் மசிப்பு வடிகட்டியில் போட்டு, கைப்பிடியை நிதானமாகச் சுற்றுவார். இங்கே எல்லா வீட்டிலும் இருக்கும் அந்தப் பாத்திரத்துக்கு 'சுறுசுறுப்பான லோட்டே' என்று ஒரு பெண்ணின் பெயரை வைத்திருக்கிறார்கள். சதை கீழே இறங்கும். மணிகளும் பெரும்பாலான மயிரும் மேலே தங்கும். கீழே இறங்கியதை ஒரு முறை கம்பி வலையிலும், பிறகு நனைத்த மெல்லிய துணியிலும் தேய்த்து வடிப்பார். துணி வழியாகக் கூழ் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். மரக்கரண்டியின் முதுகால் அழுத்தி அழுத்தி, துணியின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டும். கடைசியில் துணியைப் பிரித்து வெளிச்சத்தில் காட்டினார். மஞ்சள் பூனைமயிரைப் போல ஒரு மெல்லிய படலம் அதன்மேல் படிந்திருந்தது. முந்தின ஆண்டு நான் விழுங்கியது அதைத்தான்.

ஒரு கிலோ பழம் பறிக்க எனக்கு ஒன்றரை மணி நேரமும் முழங்கை வரை கீறல்களும் ஆயின. அதிலிருந்து கிடைத்த கூழ், தண்ணீரோடு சேர்த்தும் அரைக் கிலோவைச் சற்றே தாண்டியது. கூழின் எடையில் பாதியோ முக்கால் பங்கோ சர்க்கரை, ஒரு எலுமிச்சையின் சாறு. இவற்றைச் சேர்த்து, அடிபிடிக்காமல் சில நிமிடம் கிளறி, கொதிக்கக் கொதிக்கப் புட்டியில் ஊற்றி மூடிவிட வேண்டும். இந்தக் கூழில் இயற்கையாகவே பெக்டின் இருப்பதால் கெட்டிப்படுத்த வேறொன்றும் தேவையில்லை. சிலர் ஒரு கோப்பை சிவப்பு ஒயினும் விடுவதுண்டு. பாட்டிக்கு அது பிடிக்காது.

இந்தக் கூழின் பெரிய நாள் குளிர்காலத்தின் கடைசியில் வருகிறது. தவக்காலத்துக்கு முந்திய கொண்டாட்ட நாட்களில் ஜெர்மனி முழுவதும் எண்ணெயில் பொரித்த உருண்டையான இனிப்புப் பன்களை உண்கிறார்கள். மற்ற இடங்களில் உள்ளே ஸ்ட்ராபெரி ஜாமோ வேறு எதுவோ வைத்துக்கொள்ளட்டும். ஃபிராங்கோனியாவில் 'கிராப்ஃபன்' என்றால் உள்ளே ஹிஃபன்மார்க்தான். அதிலும் பேக்கரிக்குப் பேக்கரி சர்ச்சை உண்டு: உண்மையான கூழா, ஆப்பிள் கூழில் கலந்ததா, இனிப்பு மிகுதியா என்று வரிசையில் நிற்பவர்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். திருநெல்வேலியில் அல்வாக் கடை வாசலில் நின்றவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இராது. மான் இறைச்சி, காட்டுப்பன்றி இறைச்சி போன்றவற்றைச் சமைக்கும்போது குழம்பில் ஒரு கரண்டி ஹிஃபன்மார்க் சேர்ப்பதும் இங்கே வழக்கம். இறைச்சியின் கனத்த சுவைக்கு அந்தப் புளிப்பினிப்பு ஈடுகொடுக்கிறது.

பிற நாட்டுப் பயன்பாடுகளைச் சுருக்கமாகவே சொல்கிறேன். ஸ்வீடனில் இது சூப்பாகிறது: உலர்ந்த பழத்தை ஊறவைத்து வேகவைத்து மசித்து, சர்க்கரையும் உருளைக்கிழங்கு மாவும் சேர்த்துக் கஞ்சிப் பதத்தில் காய்ச்சி, மேலே பாலேடும் சிறு பாதாம் பிஸ்கோத்துகளும் இட்டுத் தருவார்கள். சூப் என்ற பெயரைக் கேட்டு மிளகுத்தூளைத் தேடாதீர்கள், இனிப்புப் பண்டம்தான். துருக்கியர் இதைப் 'பறவை மூக்கு' என்று பொருள்படும் பெயரில் அழைத்து ஜாமாகவும் தேநீராகவும் உட்கொள்கிறார்கள். ஜெர்மனியில் எந்தத் துருக்கிக் கடைக்குப் போனாலும் அந்தப் புட்டி இருக்கும், கையால் செய்ய நேரமில்லாதபோது நான் வாங்குவதும் அதையே. ஸ்லோவேனியாவில் 1953இல் வந்த 'காக்தா' என்ற குளிர்பானத்தின் தனிச்சுவைக்கு அடிப்படை இந்தக் காட்டு ரோஜாப்பழம்தான். ஐரோப்பியர் கொண்டுபோன புதர் சிலி நாட்டில் கட்டுக்கடங்காமல் பரவி, இன்று உலர்பழத்தையும் விதையெண்ணெயையும் உலகத்துக்கு அனுப்பும் முக்கிய நாடாக அதை ஆக்கியிருக்கிறது. முகத்துக்குப் பூசும் 'ரோஸ்ஹிப் ஆயில்' என்று நம் ஊர்க் கடைகளிலும் விற்கப்படுவது அந்த மணிகளைப் பிழிந்த எண்ணெய். இங்கே பேசும் உணவோடு அதற்கு ஒட்டுறவு குறைவு. இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது ஸ்வாபியர்களின் சிக்கனம்: கூழ் எடுத்தபின் எஞ்சும் மணிகளையும் எறியாமல், மயிர் போகக் கழுவி உலர்த்தி, நெடுநேரம் கொதிக்கவைத்து 'கெர்ன்லஸ்டே' என்ற தேநீராகக் குடிக்கிறார்கள். லேசான வனிலா மணம் அதில் உண்டு. புளியங்கொட்டையையும் பலாக்கொட்டையையும் விட்டுவைக்காத நமக்கு இது உடனே புரியும்.

தேநீர் என்று வந்துவிட்டபடியால் ஒரு மனக்குறையைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் குழந்தைகள் காப்பகத்திலும் மருத்துவமனையிலும் இளைஞர் விடுதியிலும் பெரிய பாத்திரத்தில் ஊற்றித் தரும் சிவப்புத் தேநீரை ரோஜாப்பழத் தேநீர் என்றே எல்லோரும் நம்புகிறார்கள். என் மகளும் காப்பகத்திலிருந்து வந்து "இன்றும் ஹாகெபுட்டே டீ" என்று முகம் சுளிப்பாள். அந்தப் பைகளின் பின்புறத்தைப் படித்தால், அநேகமாக எல்லாவற்றிலும் செம்பருத்தி வகையைச் சேர்ந்த ஒரு செடியின் உலர்ந்த புல்லிவட்டமும் சேர்க்கப்பட்டிருக்கும். நம்மூரில் புளிச்சகீரையின் உறவென்று அதைச் சொல்லலாம். அந்த இரத்தச் சிவப்பும், பல்லைக் கூசவைக்கும் புளிப்பும் அதனுடையவை. ரோஜாப்பழத்தை மட்டும் வெந்நீரில் ஊறவைத்துப் பாருங்கள்: வெளிறிய இளஞ்செம்மஞ்சள் நிறமும், அடங்கிய, சற்றே இனிய சுவையுமே கிடைக்கும். பெயர் ஒருவருக்கு, புகழ் ஒருவருக்கு என்பது தேநீரிலும் நடக்கிறது.

நிறம் போனால் போகட்டும், சத்தாவது வருகிறதா என்றால் அங்கேதான் இந்தப் பழத்தின் உண்மையான சிக்கல் இருக்கிறது. புதிய ரோஜாப்பழத்தின் வைட்டமின் சி அளவு வியப்பூட்டுவது. அமெரிக்க வேளாண்துறையின் உணவுப் பட்டியல் காட்டு ரோஜாப்பழம் 100 கிராமில் 426 மில்லிகிராம் என்று தருகிறது. ஆரஞ்சில் அதே எடைக்கு ஏறத்தாழ 53, கொய்யாவில் ஏறத்தாழ 228. இனத்தைப் பொறுத்தும் இடத்தைப் பொறுத்தும் இந்த அளவு இரண்டு மூன்று மடங்கு ஏறி இறங்கும். பட்டியல் கணக்குப்படி 25 கிராம் சதையே, அதாவது ஒரு கைப்பிடிப் பழமே, வளர்ந்த ஒருவரின் ஒரு நாள் தேவைக்குப் போதும். இவ்வளவையும் காகிதத்தில் படித்துவிட்டுத் தேநீர்ப் பையை வாங்குகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள்: வைட்டமின் சி காற்றிலும் சூட்டிலும் நீடித்து நிற்பதில்லை. உலர்த்தும்போது ஒரு பங்கு போகிறது, கிடங்கிலும் கடையிலும் மாதக்கணக்கில் கிடக்கும்போது ஒரு பங்கு போகிறது, எஞ்சியதில் ஐந்து நிமிட வெந்நீருக்குள் இறங்குவது மிகச் சிறிது. இந்தப் பழம் பரவலாக அறியப்பட்டிருக்கும் வடிவம் எதுவோ அதில்தான் அதன் புகழுக்குக் காரணமான சத்து மிகக் குறைவாக இருக்கிறது.

இதை நன்றாகப் புரிந்துகொண்டு செயல்பட்டவர்கள் இரண்டாம் உலகப்போர்க் காலத்துப் பிரிட்டானியர். நீர்மூழ்கிக் கப்பல்களின் தாக்குதலால் ஆரஞ்சுக் கப்பல்கள் வருவது அற்றுப்போக, குழந்தைகளுக்கு வைட்டமின் சிக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. 1941இல் சுகாதார அமைச்சகம் வேலியோரக் காட்டு ரோஜாப்பழத்தைத் திரட்டும் திட்டத்தைத் தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகளும் சாரணர்களும் மகளிர் சங்கத்தினரும் பவுண்டுக்குச் சில பென்னி என்ற கூலிக்குப் பறித்துத் தந்தார்கள். போரின் பிற்பகுதியில் அது ஆண்டுக்கு 400 டன்னைத் தாண்டியது. ஒரு பழம் 2 கிராம் என்று வைத்துக்கொண்டால் 20 கோடிப் பழம். முள்ளுக்கு நடுவிலிருந்து ஒவ்வொன்றாகப் பறித்தது. வடக்கே ஸ்காட்லாந்துப் பக்கம் விளையும் பழத்தில் தெற்கைவிட வைட்டமின் மிகுதி என்பதும் அப்போதைய ஆய்வுகளில் தெரியவந்தது. அந்தப் பழமெல்லாம் பாகாகிப் புட்டிகளில் குழந்தைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

வீட்டில் செய்துகொள்வதற்காக அவர்களுடைய உணவு அமைச்சகம் வெளியிட்ட செய்முறையை நான் இன்றும் பின்பற்றுகிறேன், ஏனெனில் அதன் ஒவ்வொரு வரிக்கும் ஒரு காரணம் இருக்கிறது. ஏறத்தாழ 900 கிராம் பழத்துக்கு 1.7 லிட்டர் தண்ணீரை முதலில் கொதிக்கவிட வேண்டும். பழத்தைக் கொரகொரப்பாக அரைத்து, அரைத்த கணமே கொதிநீரில் போட வேண்டும். பழத்தை வெட்டியதும் செல்கள் உடைந்து, அதிலுள்ள ஒரு நொதி வைட்டமின் சியைச் சிதைக்கத் தொடங்கிவிடும். கொதிநீர் அந்த நொதியின் கதையை உடனே முடித்துவிடுகிறது. அரைத்து வைத்துவிட்டுத் தண்ணீர் கொதிக்கட்டும் என்று காத்திருந்தால் நொதிக்கு விருந்து வைத்ததாகும். மீண்டும் கொதி வந்ததும் அடுப்பை அணைத்து, கால் மணி நேரம் விட்டு, கெட்டித் துணியில் வடிக்க வேண்டும். சக்கையில் பாதியளவு கொதிநீர் ஊற்றிப் பத்து நிமிடம் கழித்து மறுபடி வடிக்க வேண்டும். முதலில் சொட்டும் அரைக்கோப்பைச் சாற்றைத் திரும்பவும் துணியிலேயே ஊற்றச் சொல்கிறது அந்தக் குறிப்பு. தப்பிவந்த மயிர்கள் அதில்தான் இருக்கும். இங்கே பழத்தை அரைக்கலாம் என்பது, கூழ் எடுக்காமல் சாற்றை மட்டும் வடிப்பதால்தான். பிறகு சாற்றை ஏறத்தாழ 850 மில்லியாகச் சுண்டவைத்து, 570 கிராம் சர்க்கரை சேர்த்து, ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டுச் சிறிய புட்டிகளில் அடைக்க வேண்டும். இரும்புச் சட்டியும் ஈயம் பூசாத செம்பும் வேண்டாம். இரண்டு உலோகமும் வைட்டமின் சி சிதைவதை விரைவுபடுத்தும். எவர்சில்வர் போதும்.

அதே பாகு பின்னாளில் வேறொரு பாடமும் கற்பித்தது. போர் முடிந்து ஆரஞ்சு திரும்பி வந்த பிறகும் பிரிட்டனில் தாய்மார் பழக்கத்தை விடவில்லை. குழந்தைக்குக் கொடுக்கும் ரப்பர்ச் சூப்பானை அந்தப் பாகில் நனைத்துக் கொடுத்தார்கள். முன்பற்கள் முளைத்த வேகத்தில் சொத்தையாவதைப் பல் மருத்துவர்கள் கண்டார்கள். வைட்டமின் என்று பெயரிட்டாலும் பாதிக்குப் பாதி சர்க்கரை என்பதைப் பற்கள் மறப்பதில்லை. தேனில் ஊறிய நெல்லிக்காயை மருந்தென்று சொல்லி நாளுக்கு ஆறு தின்னும் என் மாமாவுக்கும் இதையேதான் சொல்லிப் பார்த்தேன்.

இனி, மூட்டுவலிக்கு நல்லது என்று விற்கப்படும் ரோஜாப்பழப் பொடி. இது முற்றிலும் கட்டுக்கதை அன்று. டென்மார்க்கில் விதையும் சதையுமாக மெல்லிய சூட்டில் உலர்த்தித் தயாரித்த ஒரு பொடியை வைத்து நடந்த மூன்று ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2008இல் ஒரு கட்டுரை வந்தது. மொத்தம் 287 நோயாளிகள். மூட்டுத் தேய்மானத்தால் வரும் வலி, ஒப்பீட்டுக்காகக் கொடுத்த மருந்தற்ற வெற்றுப்பொடி உண்டவர்களைவிட இந்தப் பொடி உண்டவர்களுக்குச் சிறிதளவு குறைந்ததாக அது காட்டியது. குறைந்த அளவு சிறிது. ஆய்வுக் காலம் சில மாதங்கள். அவற்றுக்குப் பொடியைத் தயாரிக்கும் நிறுவனத்தின் ஆதரவும் இருந்தது. பழத்திலுள்ள ஒரு வகைக் கொழுப்புச் சேர்மம் அழற்சியைத் தணிப்பதாகச் சோதனைக்கூடத்தில் கண்டிருப்பதால், காரணமே இல்லாத நம்பிக்கை என்று தள்ளவும் முடியாது. மற்றோர் ஆய்வு ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் நடந்து 2012இல் வெளியானது: உடற்பருமன் உடைய 31 பேருக்கு ஆறு வாரம் நாள்தோறும் 40 கிராம் பொடியைப் பானத்தில் கலந்து கொடுத்ததில், கெட்ட கொலஸ்ட்ரால் 6 விழுக்காடும் மேல் இரத்த அழுத்தம் 3.4 விழுக்காடும் குறைந்தன, எடை குறையவில்லை. 40 கிராம் என்பது நான்கைந்து மேசைக்கரண்டிப் பொடி. கடையில் விற்கும் மாத்திரை ஒன்றில் ஒரு கிராம் கூட இராது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு விளம்பரத்தைப் படிக்க வேண்டும். 31 பேரிடம் கண்டதை ஊருக்கெல்லாம் மருந்தாகச் சொல்வதும் கூடாது.

பழத்தின் சிவப்புக்குக் காரணமான நிறமிகளில் தக்காளியிலுள்ள லைக்கோபீனும் கேரட்டிலுள்ள பீட்டா கரோட்டினும் அடக்கம். இவை வேகவைத்தாலும் பெரும்பாலும் நிலைத்திருப்பவை, எண்ணெயோடு சேர்ந்தால் உடலில் நன்றாகச் சேர்பவை. ஆகவே கூழை எண்ணெய்ப் பண்டத்தோடு உண்ணும் ஃபிராங்கோனிய வழக்கம் அறியாமலே சரியானதைச் செய்திருக்கிறது. பருப்பு, கீரை போன்றவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடல் ஏற்றுக்கொள்ள வைட்டமின் சி துணைநிற்பதால், சைவ உணவுக்காரர்களுக்கு உணவோடு ஒரு கரண்டி கூழ் நல்ல கூட்டு. அதே காரணத்தால், உடலில் இரும்பு மிகுதியாகத் தேங்கும் நோயுடையவர்கள் இதைத் தவிர்ப்பது நல்லது. சிறுநீரகக் கல் வந்தவர்கள் செறிவான பொடியையும் மாத்திரையையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. ரொட்டியில் தடவும் கூழுக்கு இந்த அச்சமெல்லாம் வேண்டியதில்லை.

மூன்றாம் ஆண்டு என் கை சும்மா இருக்கவில்லை. சர்க்கரை சேர்க்காத கூழில் ஒரு பகுதியைத் தனியாக எடுத்து, நல்லெண்ணெயில் கடுகும் பெருங்காயமும் தாளித்து, மிளகாய்த்தூளும் வறுத்துப் பொடித்த வெந்தயமும் உப்பும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை சுருளக் கிளறினேன். பழத்தின் சொந்தப் புளிப்பு போதவில்லை. இரண்டாம் முறை எலுமிச்சைச்சாறு கூட்டியும் துளி வெல்லம் வைத்தும் செய்தபோதுதான் அது தொக்கு என்ற பெயருக்குத் தகுதியாயிற்று. தயிர்சாதத்துக்கு மாவடு இல்லாத குறையைத் தீர்க்கிறது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஜனவரி மாத இருட்டில் அந்தக் குறையை மறக்கவைக்கிறது. தக்காளித் தொக்கைவிடக் கெட்டியாக, ஒருவித உலர்பழ மணத்தோடு இருக்கும். மூட்டுவலிக்கோ வைட்டமினுக்கோ அன்று, ருசிக்காகவே செய்கிறேன்.

பறிக்க நினைப்பவர்களுக்கு இரண்டொரு செய்தி. நெடுஞ்சாலை ஓரத்திலும், மருந்தடிக்கும் வயல் வரப்பிலும், பூந்தோட்டத்து அலங்கார ரோஜாவிலும் பறிக்காதீர்கள். ஜெர்மனியில் இயற்கைப் பாதுகாப்புச் சட்டம் சொந்த உபயோகத்துக்குச் சிறிதளவு பறிக்க இடம் தருகிறது. இயற்கைக் காப்பகம் என்று பலகை நட்ட இடத்தில் அதுவும் கிடையாது. வட கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு யோகம்: ஜப்பானியக் கடலோரத்திலிருந்து வந்த ரோஜா ஒன்று அங்கே மணல்மேடெல்லாம் பரவிக் கிடக்கிறது, அதன் பழம் சிறு தக்காளி அளவு, சதை தடிமன், ஆகஸ்டிலேயே பழுத்துவிடும், பிளந்து விதையைக் கரண்டியால் வழித்துவிடலாம். வைட்டமினே குறி என்றால் பனிக்குக் காத்திராமல், சிவந்து இறுகியிருக்கும்போதே பறியுங்கள்; பழம் கனியக் கனிய இனிப்புக் கூடும், வைட்டமின் சி குறையும். எந்தப் புதரையும் மொட்டையடித்துவிடாதீர்கள், குளிர்காலம் முழுவதும் பறவைகள் அதை நம்பியிருக்கின்றன.

சென்ற நவம்பரில் ஒரு சிறு புட்டித் தொக்கைப் பாட்டியிடம் கொடுத்தேன். விரல் நுனியில் தொட்டு நக்கிப் பார்த்து, கண்ணில் நீர் வர, இது ஹிஃபன்மார்க் ஆகாது என்று உறுதியாகச் சொன்னார். இரண்டு வாரம் கழித்துப் புட்டி கழுவித் துடைக்கப்பட்டு எங்கள் வாசற்படியில் இருந்தது. காட்டுப்பன்றிக் குழம்பில் போட்டுவிட்டாராம். இந்த ஆண்டு கொஞ்சம் பெரிய புட்டியாகக் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறார்.